‘அறுவில்லு’: ஆறு அறுத்துவிட்ட வளைவுக்கு ஒரு பெயர்

அன்புடையீர், வணக்கம்.

ஆறு தன் வளைவொன்றை அறுத்துக்கொண்டு குறுக்கே போன பின்பு பழைய வளைவில் தங்கிவிடும் நீர்நிலைக்கு ‘நுகத்தடி ஏரி’ என்ற பெயரை நண்பர் ஒருவர் முன்வைத்திருக்கிறார். ‘oxbow lake’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்தால் அதுதான் வரும். ஆனால் நம்மூர் நுகத்தடி நேரான மரம். மாட்டின் கழுத்தைச் சுற்றி வளைவது பூட்டாங்கயிறு மட்டுமே. வண்டில் பூட்டிய எவருக்கும் இப்பெயர் வளைவை நினைவூட்டாது. தமிழ்நாட்டில் வழங்கும் ‘குதிரைக் குளம்பு ஏரி’யிலும் சிறு பிசகு உண்டு, அந்த வடிவம் லாடத்துக்கு உரியது. ‘குருட்டாறு’ ஓட்டம் நின்றதைச் சொல்கிறதே தவிர, அது நின்ற விதத்தைச் சொல்லவில்லை.

நிகழ்வதைக் கவனித்தால் சொல் தானாக வரும் என்பது என் எண்ணம். இலங்கையின் மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் விழும் மகாவலி ஆறு, கடைசிப் பகுதியில் சரிவு குறைந்துபோவதால், அடியைத் தோண்டுவதைவிடப் பக்கவாட்டில் அரிப்பதிலேயே தன் வலுவைச் செலவிடுகிறது. வளைவின் வெளிக்கரையில் நீர் விரைந்து மோதி அடிமண்ணைக் கரைப்பதால் மேல்மண் பாளம் பாளமாகச் சரிகிறது. அங்கே நிற்கும் மருத மரங்களின் வேர்கள் பாதி அந்தரத்தில் தொங்குவதைக் காணலாம். உட்கரையில் ஓட்டம் தளர்வதால் மணல் தங்கித் திடலாகிறது. இவ்வாறு வளைவு பெருக்கப் பெருக்க அதன் இரு முனைகளும் நெருங்கி, இடையில் ஒடுங்கிய மண் கழுத்தொன்று மட்டும் மிஞ்சுகிறது; ஒரு பெருவெள்ளத்தில் அதுவும் உடைகிறது. புதுவழி நீளம் குறைந்தது, ஆகையால் சரிவு கூடியது. ஆறு மறுபடி பழைய வழிக்குத் திரும்புவதில்லை. கைவிடப்பட்ட வளைவின் வாய்கள் இரண்டும் வண்டலால் அடைபட்டுவிடுகின்றன.

எனவே ‘அறு’ என்ற வினை பெயரில் நிற்க வேண்டும். எஞ்சுவது எதனோடு சேர்ப்பது என்பதே. ‘குளம்’ என்றால் எங்கள் பக்கத்தில் கந்தளாய்க் குளம்போலக் கட்டுப் போட்டது. ‘வாவி’ என்றால் மட்டக்களப்பு வாவிபோலக் கடலோடு கலப்பது. இயற்கையாகத் தேங்கும் வெள்ள நீர்நிலைக்கோ மகாவலிச் சமவெளியில் ‘வில்லு’ என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. வடகீழ்ப் பருவக்காற்றின் வெள்ளத்தில் நிறைந்து, பின்பு வற்றி மேய்ச்சல் நிலமாகும் இந்த வில்லுகளை உள்ளடக்கியே 1984இல் வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, சிங்களத்தில் ‘வில’ என்றால் தடாகம். ஆகவே அம்பெய்யும் வில்லின் வடிவத்திலிருந்து இப்பெயர் வந்தது என்று சாதிக்க நான் முன்வரவில்லை. பொத்துவில், தம்பிலுவில், கொக்குவில் என்ற ஊர்ப்பெயர்களின் வழக்கையும் இங்கே அவிழ்க்க வேண்டாம். மற்றது, வில்பத்துக் காட்டிலும் வில்லுகள் உள்ளன. அவை ஆற்று வளைவுகள் அல்ல. மகாவலி வில்லுகளிலும் சில, அறுபட்ட வளைவாக இல்லாமல் வெறும் பள்ளமாக இருப்பவை. அதனாலேயே ‘வில்லு’வைப் பொதுப்பெயராக விட்டுவிட்டு, சிறப்புப் பெயராக ‘அறுவில்லு’ என்பதை முன்மொழிகிறேன். வினைத்தொகை ஆகையால் அறுத்ததும் அறுப்பதும் இனி அறுக்கப்போவதும் அதில் அடங்கும்.

கழுத்து உடையும் நிகழ்ச்சிக்குக் ‘கழுத்தறுப்பு’ என்று எழுதியிருந்த அன்பருக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்கள் சிரிப்பார்கள். ‘குளம் உடைப்பெடுத்தது’ என்று நாம் சொல்வதைப் பின்பற்றிக் ‘கழுத்துடைப்பு’ எனலாம்.

வெளிக்கரைக்கு ‘அரிகரை’ என்பதில் எனக்குத் தயக்கமில்லை. உட்கரைக்குப் ‘படிகரை’ என்று முதலில் எழுதினேன். ஒரு ‘க்’ தவறிச் சேர்ந்தால் அது குளிக்கும் படித்துறையாகிவிடும். ‘இடுகரை’ பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.