நிறமாலை வழி கிளெப்சியெல்லா வகைப்பாடு: வளர்ப்பூடகம் குறித்து ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவின் திரிபுகளை (உள்வகைகளை) அவற்றின் உறைப் பாலிசாக்கரைடு (செல்லைச் சூழ்ந்த சர்க்கரைச் சேர்மப் படலம்) வேறுபாட்டைக் கொண்டு வகைப்படுத்த, எஃப்டிஐஆர் (ஃபூரியர் உருமாற்ற) அகச்சிவப்பு நிறமாலைகளில் 1200 முதல் 900 செ.மீ⁻¹ வரையுள்ள பகுதியை எடுத்து, இரண்டாம் வகைக்கெழு கண்டு, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் மாடலைப் பயிற்றுவித்து வருகிறோம். ஒரே திரிபின் மறுபதிவுகள் பயிற்சித் தொகுப்பிலும் சோதனைத் தொகுப்பிலும் கலந்துவிடாமல் திரிபுவாரியாகவே பிரித்திருக்கிறோம். ஆயினும், இரத்த அகார் என்ற வளர்ப்பூடகத்தில் வளர்த்தவற்றைச் சரியாக இனங்காணும் மாடல், மெக்கான்கி அகார் என்ற மற்றோர் ஊடகத்தில் வளர்த்த அதே திரிபுகளில் தடுமாறுகிறது.

ஊடகத்தை ஒன்றாகவே நிலைநிறுத்துவதா, இரண்டின் நிறமாலைகளையும் சேர்த்துப் பயிற்றுவிப்பதா? முன்னது எளிது, ஆனால் பிற ஆய்வகங்களிலிருந்து வரும் வளர்ப்புத் தட்டுகளை மறுவளர்ப்பு செய்ய ஒரு நாள் கூடுதலாகும் என்பதால் எனக்கு அதில் நாட்டமில்லை.

மேலும், நிறமாலை எடுக்க எத்தனால் கலந்து சிலிக்கான் தட்டில் இடும் பாக்டீரியாத் துளி காயும்போது நடுவில் மெலிந்து விளிம்பில் வளையமாகத் தடிக்கிறது. எத்தனாலின் அளவை மாற்றி இதைச் சரிசெய்தவர்கள் இருந்தால், தங்கள் செய்முறையைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.