கிளட்ச் பெடல் தானாகத் தாழ்கிறது: கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கோபிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டீசல் கார். கேபிள் இல்லாமல் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச். சில வாரங்களாகக் காலையில் வண்டியை எடுக்கும்போது ரிவர்ஸ் கியர் கரகரவென்ற சத்தத்தோடுதான் விழுகிறது. பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டுப் போட்டால் சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. சத்தியமங்கலம் கடைவீதி நெரிசலில் முதல் கியரில் பெடலை முழுவதும் அழுத்திக்கொண்டு நின்றால், சற்று நேரத்தில் வண்டி தானாக முன்னே ஊர்கிறது. பட்டறையில் காட்டியபோது, கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் மேட்டில் இழுவை சிறிதும் குறையவில்லை. பெற்றோரை அழைத்துக்கொண்டு திம்பம் வழியாகத் தாளவாடிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் கைவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் கேட்கிறேன்.

பவானிக்கரை எழுதியது:

வணக்கம் தம்பி. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் என்ஜின் வேகம் ஏறும், வண்டி அந்த அளவுக்கு இழுக்காது. உங்களுக்கு நடப்பது அதற்கு நேர் எதிரானது: பிளேட் நன்றாகப் பிடிக்கிறது, விடுபட வேண்டிய நேரத்தில் முழுமையாக விடுபடவில்லை. பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால் சரியாகிறது என்பதால், ஆயில் அழுத்தம் எங்கோ கசிகிறது, அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். கியர் பாக்ஸைத் தொடுவதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

டார்ச் விளக்கோடு ஓட்டுநர் பக்கம் குனிந்து, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் சிலிண்டர்) போகும் தண்டைச் சுற்றி விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தாலோ, மிதியடிக்குக் கீழே கார்ப்பெட் பிசுபிசுத்து பெயிண்ட் உரிந்திருந்தாலோ மாஸ்டரின் பின் வாஷர் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. அடுத்து வண்டிக்கு அடியில், கியர் பாக்ஸின் வெளியே ஸ்லேவ் சிலிண்டர் (அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் சிலிண்டர்) இருந்தால், அதன் ரப்பர் பூட்டின் (மேலுறையின்) விளிம்பை மெதுவாக விலக்கிப் பாருங்கள். லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. கறுத்த ஆயில் சொட்டினால் ஸ்லேவ் போய்விட்டது.

பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காகக் கிளட்ச் குழாயை டப்பாவில் சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள். ஆகவே டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பிரேக் பேட் தேய்ந்தாலும் அளவு கொஞ்சம் இறங்கும் என்பதால், அதை மட்டும் வைத்துக் கசிவு என்று சொல்லிவிடாதீர்கள்.

கோபிக்காரன் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. இன்று காலை பொறுமையாகப் பார்த்தேன். உள்ளே கார்ப்பெட் காய்ந்திருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டர் வெளியேதான் இருக்கிறது, அதன் பூட்டும் காய்ந்திருக்கிறது. டப்பாவில் அளவு குறையவில்லை; ஆனால் ஆயில் கறுத்துப் போயிருக்கிறது. எங்கும் சொட்டாமல் பெடல் மட்டும் எப்படித் தாழும்?

நொய்யல்வாசி எழுதியது:

சொட்டாமலும் தாழும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் முன்பக்கம் ஒரு வாஷர், பின்பக்கம் ஒரு வாஷர் என இரண்டு உண்டு. முன் வாஷர் தேய்ந்தாலோ, உள்சுவரில் துரு கீறியிருந்தாலோ, அழுத்தத்தில் இருக்கும் ஆயில் அந்த வாஷரைத் தாண்டிப் பின்னால் வந்து டப்பாவுக்கே திரும்பிவிடும். பின் வாஷர் நன்றாக இருப்பதால் வெளியே ஒரு துளியும் தெரியாது. ஸ்லேவ் சிலிண்டருக்கு அப்படிச் சுற்றிப்போக வழியில்லை. அது கசிந்தால் வெளியில்தான் கசிய வேண்டும். உங்கள் அடையாளங்கள் எல்லாம் மாஸ்டரைத்தான் காட்டுகின்றன.

உறுதி செய்ய, ஒருவர் பெடலை மிதித்து அப்படியே பிடித்திருக்க, இன்னொருவர் ஸ்லேவின் தண்டைப் பார்க்கட்டும். தண்டு முழுதாக நகர்ந்து, பெடல் கீழே இருக்கும்போதே மெல்லப் பின்வாங்கினால் மாஸ்டர் உள்ளே விடுகிறது. இடையில் ரப்பர் ஹோஸ் இருந்தால், அதற்கென்று உள்ள கிளாம்ப்பால் அழுத்தி மூடிவிட்டு மிதித்துப் பார்க்கலாம்: அப்போதும் பெடல் தாழ்ந்தால் சந்தேகமே வேண்டாம். சாதாரணக் குறடால் ஹோஸை நசுக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. சில கார்களில் ஸ்லேவும், கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் ஒன்றாகக் கியர் பாக்ஸுக்குள் இருக்கும். அது கசிந்தால் என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டும். அந்தச் சொட்டை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்; பிரேக் ஆயில் கரையும், என்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் மிதக்கும். அந்த வகை கெட்டால்தான் கியர் பாக்ஸை இறக்குவது தவிர்க்க முடியாதது. இறக்கிய கூலிக்குக் கிளட்ச் செட்டையும் மாற்றிவிடுவது நியாயமான செலவு.

உங்களுக்கு என் யோசனை, மாஸ்டரையும் ஸ்லேவையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே கறுத்த ஆயிலில் கிடந்தவை. புது மாஸ்டரின் முழு அழுத்தம் பழைய ஸ்லேவின் வாஷர் மீது விழும்போது அது விரைவிலேயே கசியத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்சுவர் கீறிய சிலிண்டருக்கு வாஷர் கிட் போடுவது வீண்.

பவானிக்கரை எழுதியது:

நொய்யல்வாசி சொன்னது சரி. மாற்றும்போது ஏர் எடுப்பதில்தான் (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதில்தான்) பலரும் அவசரப்படுகிறார்கள். ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 வகைப் பிரேக் ஆயிலைப் புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள், ஏனெனில் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஸ்லேவில் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளில் தெளிவான டியூபைச் செருகி, மறுமுனை ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்த பிறகே நிப்பிளைத் திறக்க வேண்டும்; மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள். அப்படியும் பெடல் பஞ்சு போல இருந்தால், ஸ்லேவின் தண்டைக் கையால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். குமிழிகள் மேலே டப்பாவுக்கு ஏறும். ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கடைசியாக, மாஸ்டர் தண்டு பிஸ்டனைத் தொடுவதற்கு முன் பெடலில் சிறிதளவு விளையாட்டு (அழுத்தம் இல்லாத வெற்று அசைவு) இருக்க வேண்டும். அதை அறவே இறுக்கிவிட்டால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை திறக்காது. சூட்டில் ஆயில் விரிந்து, காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி விடுபட்டே நிற்கும். திம்பம் ஏற்றத்தில் அப்படி ஓடினால் இப்போது நன்றாக இருக்கும் பிளேட்டும் கருகிவிடும். சரியான அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மெக்கானிக்கிடம் அதைக் காட்டி வைக்கச் சொல்லுங்கள்.