முன்னாள் கால்பந்து வீரர்களின் வானொலி: பட்டன் யார் கையில்?

டைன்கரை:
வடகிழக்கு இங்கிலாந்துல செஞ்சுரி ரேடியோவில மால்கம் மெக்டொனால்ட், பெர்னி ஸ்லேவன், மிக்கி ஹார்ஸ்வில் மூணு பேரும் ரசிகர்களோட போன்ல மல்லுக்கட்டின நிகழ்ச்சியை மறக்க முடியுமா? நியூகாசிலுக்கு ஒருத்தர், மிடில்ஸ்பரோவுக்கு ஒருத்தர், சண்டர்லாண்டுக்கு ஒருத்தர். உள்ளூர் விளையாட்டு வானொலிக்கு இது போதும். தொகுப்பாளர், புரொட்யூசர்னு கூட்டம் எதுக்கு? போன்ல வர்ற காலர் கெட்ட வார்த்தை பேசினா, பேச்சை 7 வினாடி தாமதமா அனுப்புற டிலே இருக்கு, அதை அழிக்கிற பட்டனை வீரரே அழுத்திட்டுப் போறார்.

ஒலிமேசை:
"பட்டனை வீரரே அழுத்திட்டுப் போறார்." இப்படி எழுதுகிறவர் ஸ்டூடியோ கண்ணாடி வழியே எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று தெரிகிறது.
பேச்சு டிலே கருவியின் நினைவகத்தில் 7 வினாடி தங்கிவிட்டுத்தான் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். டம்ப் என்கிற அந்த அழிப்புப் பட்டனை அழுத்தினால் அந்த 7 வினாடியும் மொத்தமாக அழியும். அழுத்திய மறுகணம் உங்களிடம் மிச்சம் இருக்கும் டிலே 0. பேச்சை மயிரிழை மயிரிழையாக நீட்டித்தான் கருவி மறுபடி 7 வினாடியைச் சேர்க்கும், அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை காலர் லைனில் இருந்தால் இரண்டாவது வசவு நேராக வீட்டுச் சமையலறைக்குப் போகும். ஆகவே வரிசை இது: முதலில் காலர் ஃபேடரை, அதாவது காலரின் ஒலியளவு நெம்பை, இறக்கு, அப்புறம் டம்ப், உடனே ஜிங்கிளோ விளம்பரமோ போடு. இந்த மூன்றையும் வாக்குவாதத்தின் உச்சத்தில் இருக்கிற வீரரா செய்வார்?

டைன்கரை:
1975ல சைப்ரஸுக்கு எதிரா இங்கிலாந்துக்காக ஒரே ஆட்டத்துல 5 கோல் போட்டவர் மெக்டொனால்ட். அவருக்கு ஒரு பட்டன் அழுத்தத் தெரியாதா?

வியர்காரன்:
சைப்ரஸுக்கு அடிச்சதை இன்னும் எத்தினை வருசம் சொல்லப்போறியள்? 1973 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில எங்கட சண்டர்லாண்ட் இரண்டாம் டிவிசன் அணி. லீட்ஸை 1-0 எண்டு வெண்டது. அண்டைக்கு நடுக்களத்தில 20 வயசில நிண்டவர் ஹார்ஸ்வில். பட்டனை ஆரிட்டக் குடுக்கிறதெண்டால் அவரிட்டக் குடுங்கோ.

ஒலிமேசை:
கோப்பைக்கும் பட்டனுக்கும் என்ன சம்பந்தம்? இருவரும் கேள்வியை விட்டு ஓடுகிறீர்கள்.
கெட்ட வார்த்தையை அரை வினாடியில் காது பிடித்துவிடும். அவதூறு அப்படி இல்லை. "அந்த மேனேஜர் ஏஜென்ட்கிட்ட..." என்று காலர் ஆரம்பித்தால், வாக்கியம் முடியும்போதுதான் அது வழக்கு என்று புரியும். அதற்குள் 5, 6 வினாடி போய்விடும். 7ல் மிச்சம் என்ன? வீரருக்கு அந்த மேனேஜரைத் தெரியும், ஏஜென்டையும் தெரியும். அவர் மனம் பதில் சொல்லத்தான் ஓடும், கை பட்டனுக்குப் போகாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆட்டத்தில் எந்தப் பக்கமும் சாயாத ஒருவர் வேண்டும். அவர்தான் புரொட்யூசர்.

டீஸ்_சிவப்பு:
எல்லாத்தையும் புரொட்யூசர்கிட்ட கொடுத்தா நிகழ்ச்சி செத்துடும் சார். 1998 டிசம்பர்ல எங்க போரோ, அதான் மிடில்ஸ்பரோ, மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபோர்டுல ஜெயிச்சா பின்ஸ் கடை ஜன்னல்ல பின்பக்கத்தைக் காட்டுறேன்னு ஸ்லேவன் சொன்னார். போரோ 3-2ன்னு ஜெயிச்சுது, அவரும் சொன்னபடி மிடில்ஸ்பரோ நடுவுல கடை ஜன்னல்ல நின்னு காட்டினார். எந்தத் தொகுப்பாளர் இதைச் செய்வார்? ஒலிபரப்பைக் கண்காணிக்கிற ஆஃப்காம் கேள்வி கேட்கும்னு பயந்தே வாயை மூடியிருப்பார்.

ஒலிமேசை:
1998ல் ஆஃப்காம் ஏது? அது பொறுப்பேற்றது 2003 இறுதியில். அதுவரை தனியார் வானொலிகளைப் பார்த்துக்கொண்டது ரேடியோ அத்தாரிட்டி. இதுகூடத் தெரியாமல் ஒலிபரப்பு பற்றி வகுப்பு எடுக்கிறீர்கள்.

டீஸ்_சிவப்பு:
பேரைத் திருத்துறதுல காட்டுற வேகத்தை விஷயத்துல காட்டுங்க. பந்தயம் கட்டினது வீரரா, புரொட்யூசரா?

ஒலிமேசை:
வீரர்தான், யார் மறுத்தது? அவர் பேச வேண்டும், அவருக்குத்தான் அந்த உரிமை. நான் மறுப்பது பட்டனை மட்டும். உங்கள் போரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006ல் ஸ்டீவா புகாரெஸ்டை 4-2 என்று வென்று யூஇஎஃப்ஏ கோப்பை இறுதிக்குப் போனபோது, எல்லாரும் என் வீட்டுக்கு பார்மோ சாப்பிட வாருங்கள் என்று மைக்கில் முழங்கியவர் யார்? அலஸ்டேர் பிரவுன்லீ. தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை. அவர் பக்கத்தில் துணை வர்ணனையாளராக இருந்தவர்தான் ஸ்லேவன். பந்து எங்கே, யார் காலில், எத்தனையாவது நிமிடம் என்று ஒருவர் சொல்ல, ஏன் அந்தப் பந்து உள்ளே போனது என்று மற்றவர் சொல்ல, அப்படித்தான் நிற்கும்.

டீஸ்_சிவப்பு:
பிரவுன்லீ பேரை பட்டன் சண்டைக்கு இழுக்காதீங்க. பார்மோன்னா என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு? பிரெட் தூள் போட்டுப் பொரிச்ச கோழி, மேலே வெள்ளை சாஸ், அதுக்கு மேல சீஸ் உருகி நிக்கணும்.

வியர்காரன்:
பார்மோவை விடுங்கோ. அண்ணை, நேரடி வர்ணனையிலயும் டிலே போடோணும் எண்டுறியளோ? மைதானத்தில ரேடியோவைக் காதில வச்சிருக்கிற ஆளுக்கு கோல் விழுந்து 7 செக்கன் கழிச்செல்லோ சத்தம் வரும்.

ஒலிமேசை:
இங்கே வந்த முதல் உருப்படியான கேள்வி. வர்ணனையின்போது டிலேயை பைபாஸ் செய்துவிட வேண்டும், காலர் நேரம் தொடங்கும்போது மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்ற மறந்தால் முதல் காலரே பாதுகாப்பில்லாமல் போவார். ஒலிபரப்பிலிருந்து கேட்டுக்கொண்டு பேசும் மைதான நிருபருக்குத் தன் குரலே 7 வினாடி கழித்துத் திரும்பி வரும், நாக்கு கட்டிப்போகும். அவருக்கு ஸ்டூடியோ ஒலிக்கலவை மேசையிலிருந்து, அவர் குரலைக் கழித்த ஒலியைத் தனியாக அனுப்ப வேண்டும். காலரிடம் "வீட்டு ரேடியோவை அணைங்க" என்று சொல்வதும் இதற்குத்தான்.
மைக் கதை வேறு. மூன்று வீரர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துத் திரும்புவார்கள், வாய் மைக்கை விட்டு விலகிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்தான் இருக்க வேண்டும். மூன்று மைக்கும் திறந்தே கிடந்தால் ஒரே குரல் மூன்றிலும் விழுந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும். கோபத்தில் மேசையைக் குத்தினால் அந்த இடி ஸ்டாண்ட் வழியாக ஒலிபரப்பில் போகும். காலரை ஏற்கும்முன் பெயர், ஊர், அணி, சொல்ல வருவது என்ன என்று ஒரே வரியில் திரையில் தட்ட ஒருவர் வேண்டும். நியூகாசில் காலர் மூன்று பேர் வரிசையாக வந்தால் சண்டர்லாண்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். இத்தனை வேலைக்கும் ஆள் வேண்டாமா?

டைன்கரை:
பாடம் நடத்தினது போதும். 7 வினாடி டிலே போதும்னு சொன்னேன். போதும்.

ஒலிமேசை:
ஒரே டம்பில் மொத்தமும் போய்விடாதபடி 7ஐ இரண்டாகப் பிரித்தால் ஒரு டம்புக்கு மூன்றரைதான். 8 வைத்து, இரண்டு நாலாகப் பிரித்து, முதல் டம்புக்குப் பிறகும் 4 கையில் இருக்கும்படி அமைப்பதே மேல்.

வியர்காரன்:
இப்ப 7 காணாதெண்டு 8 எண்டுறியள். நாளைக்கு 10 எண்டுவியள். 1973ல ஜிம் மான்ட்கொமரி முதல்ல லீட்ஸ்காரர் செரியின்ர ஹெட்டரை, பிறகு லோரிமரின்ர அடியைத் தடுத்தாரே, ரெண்டுக்கும் நடுவில எத்தினை செக்கன் கிடைச்சது? விளையாட்டுக்காரன்ர கை அவ்வளவு வேகம்.

ஒலிமேசை:
மான்ட்கொமரி கோல்கீப்பர். அவர் வேலை தடுப்பது மட்டும். ஸ்டூடியோவில் வீரர் தடுக்கவும் வேண்டும், அதே நேரத்தில் கோல் போடவும் வேண்டும் என்கிறீர்கள்.

டீஸ்_சிவப்பு:
அப்ப எங்க ஸ்லேவன் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தாரா?

ஒலிமேசை:
நான் அப்படி எங்கே சொன்னேன்? மேலே போய் வாசியுங்கள். டைன்கரை மட்டும் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: டம்ப் அழுத்துவதற்கு முன் காலர் ஃபேடரை இறக்குவது யார்?

டைன்கரை:
மெக்டொனால்டே இறக்குவார்.