சுற்றுவளைப்பு வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

கல்லடி, திங்கள் இரவு

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை மட்டக்களப்பில் எங்கள் வாசிகசாலையில் ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் 14 பேருக்கு ஒருநாள் பட்டறை வைத்திருக்கிறோம். பற்றரியில் ஓடும் விளையாட்டுச் சாமான்களைத் திறந்து, உள்ளே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வயர் கொடுத்து, செய்தவர் நினைத்தே பாராத சத்தங்களை எடுத்து, அவற்றால் இசை அமைப்பதுதான் வேலை. அமெரிக்கரான ரீட் கசாலா 1960களில் தொடங்கியது இது. மேசை இழுப்பறைக்குள் மூடி இல்லாமல் கிடந்த சின்ன அம்ப்ளிஃபயர் ஒன்று உலோகத்தில் பட்டு ஷோட் ஆகி விநோதமாகக் கத்தியதை அவர் கேட்டார். அதையே வேண்டுமென்று செய்து பார்த்தால் என்ன என்று யோசித்தார். 1992இல் ‘சர்கிட் பெண்டிங்’, அதாவது சுற்றை வளைத்தல், என்று பெயரும் வைத்தார்.

கைநூலைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். தடையி (ரெசிஸ்டர்), கொள்ளளவி (கப்பாசிட்டர்), குறுஞ்சுற்று (ஷோட்) எல்லாம் பிள்ளைகளுக்குப் பழகிய சொற்கள். இந்த ஒரு சொல்தான் இல்லை. வியாழன் மத்தியானம் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

போன முறை ‘சுற்று வளைப்பு’ என்று தலைப்புப் போட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் சாமானுக்குள் இருந்த சுற்றுப் பலகையைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல மெல்ல வளைத்தான். நடுவில் டக்கென்று வெடித்தது. தாளில் இருந்ததைத்தான் அவன் செய்தான், பிழை என்னுடையது. அப்புறம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய், தலைப்பை வாசித்துவிட்டு, “இதென்ன டீச்சர், சுற்றிவளைப்பு என்று போட்டிருக்கு?” என்று கேட்டார். நான் விளக்கம் சொன்னேன். தலையாட்டினார். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வகுப்புக்கு அந்தப் பிள்ளை வரவில்லை.

சொல் தாருங்கள்.

சென்னை, செவ்வாய் காலை

டீச்சருக்கு வணக்கம். ‘மின்சுற்று வளைப்பு’ என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். வில்லை வளைக்கிறோம், சுருதியை வளைக்கிறோம். பலகை உடைந்தது விளக்கம் போதாததால்தான், சொல்லின் குற்றம் இல்லை. அந்தத் தாய் ஏன் தயங்கினார் என்பது எனக்குப் புரியவில்லை. ‘தடையி’ என்பதை ‘மின்தடையம்’ என்று மாற்றினால் கைநூல் இங்கேயும் பயன்படும்.

ஆரையம்பதி, செவ்வாய் பகல்

அண்ணா, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சுற்றிவளைப்பு என்றால் போர்க் காலத்தில் விடியப்புறம் ஊரைச் சுற்றி ஆமி நின்றது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விட்டது. சிலர் பின்னேரம் வீட்டுக்கு வருவார்கள். சிலர் வருவதில்லை. அம்மாவின் வயதுக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் அகராதியில் இல்லை. நடுவில் ஓர் இகரத்தை எடுத்துவிட்டாலும் காது அங்கேதான் போய் நிற்கும். இசைப் பட்டறைக்கு அதைப் பெயராக வைக்க முடியாது.

சென்னை, செவ்வாய் பகல்

மன்னியுங்கள் தம்பி. நான் முன்மொழிந்ததை எடுத்துக்கொள்கிறேன். தடையியும் அப்படியே இருக்கட்டும்.

காரைதீவு, செவ்வாய் இரவு

டீச்சருக்கும் தம்பிமாருக்கும். விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். 1947இல் யாழ் நூலைத் தந்தவரும் அவரே, சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இசைக்கும் சொல்லாக்கத்துக்கும் நாம் வெளியூரில் கடன் வாங்கத் தேவையில்லை.

வளைவுக்குத் தமிழில் ஆழமான வேர் ‘கொடு’. கொடு என்றால் வளைந்தது. கொடுங்கோல் வளைந்த கோல். அதிலிருந்து கோடுதல், கோட்டம். ‘கோடு’ என்ற பெயரைப் பாருங்கள்: யானையின் கொம்பு கோடு, மரத்தின் கிளை கோடு, குளத்தின் கரை கோடு. ஊதும் கொம்பும் கோடு, சங்கும் கோடு. யாழின் தண்டும் கோடு. நால்வகை யாழில் ஒன்றுக்குச் செங்கோட்டியாழ் என்று பெயர். கோடு இயல்பிலேயே வளைந்தது என்பதால்தானே, நேரானதைச் சொல்லச் ‘செம்’ என்ற அடை வேண்டியிருந்தது! வளைவும் இசைக்கருவியும் ஒரே சொல்லுக்குள் இருக்கும்போது வேறெங்கே தேடுவது? என் முடிவு: சுற்றுக்கோட்டம்.

இன்னொன்று. கைநூலில் இந்த வகை இசையை ‘இரைச்சல் இசை’ என்று டீச்சர் எழுதியிருப்பதும் எனக்கு ஒப்பில்லை. தொல்காப்பிய உரியியல், கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கையும் அரவப் பொருள், அதாவது ஆரவாரத்தைக் குறிப்பவை, என்கிறது. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய நான்கையும் இசைப்பொருள் என்கிறது. அங்கே இசை என்பது ஓசைதான், கச்சேரி இல்லை. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து, துடுப்பை நீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்தால் ஒரு முரல்வு கேட்கும். அதை இரைச்சல் என்றா சொல்கிறோம்? மீன் பாடுகிறது என்கிறோம். ‘கம்பலை இசை’ என்று போடுங்கள்.

கல்முனை, புதன் காலை

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயாவின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். செங்கோட்டியாழ் விஷயம் எனக்குப் புதிசு, நன்றி. ஆனால் கோட்டம் என்றால் எங்கள் சனத்துக்குக் கோட்டக் கல்விப் பணிமனை. சுற்றுநிருபமும் அங்கிருந்துதான் வரும். ‘சுற்றுக்கோட்டம்’ என்று தாள் போனால், பணிமனையிலிருந்து வந்த கடிதம் என்றே பெற்றோர் நினைப்பார்கள். கம்பலை என்று வாயால் சொன்னால் கண்டிப் பக்கத்துக் கம்பளைதான் நினைவுக்கு வரும்.

நான் றேடியோ, ரீவி திருத்துகிறவன். பெயருக்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும். கைநூலின் முதல் வரி பெரிய எழுத்தில் இப்படி இருக்கட்டும்: சுவர்ப் பிளக்கில் ஓடும் எதையும் திறக்கக் கூடாது, பற்றரிச் சாமான் மட்டும். ஒரு பற்றரி 1.5 வோல்ட். இரண்டு போட்டால் 3 வோல்ட். அதற்குள் பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். ஷோட் கொடுத்து வயரோ பற்றரியோ சுட்டால் உடனே கழற்ற வேண்டும்.

மறுகா, வேலையைப் பார்த்துப் பெயர் வையுங்கள். நேற்றுக் கடையில் ஒரு பிளாஸ்ரிக் பியானோவைத் திறந்தேன். மாடு, சேவல், பூனை எல்லாம் கத்தும் வகை. உள்ளே தார் சொட்டு மாதிரிக் கறுப்புக் குமிழ் ஒன்று, அதுதான் சிப். அதற்குப் பக்கத்தில் ஒரு தடையி. சிப் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது. விரலை ஈரமாக்கி அதன் இரண்டு காலிலும் வைத்தேன். மாடு கன்றுக்குட்டி ஆனது, அழுத்த அழுத்த எலி ஆனது. விரல் வழியாகவும் மின் ஓடுவதால் மொத்தத் தடை குறைகிறது, சிப் வேகம் எடுக்கிறது. தடையியைக் கழற்றி, திருகித் தடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, அதைவிடப் பெரிய மாறுந்தடையியைச் சோல்டர் பண்ணித் திருகினால், அதே ‘ம்மா’ கப்பல் ஊதுவது போல இறங்கிப் போகும். ஒளியுணர் தடையி போட்டால் கையால் நிழல் விழுத்தியே வாசிக்கலாம். கடையில் நாங்கள் இதை ‘ஷோட் குடுத்துப் பார்’ என்போம். என் பேச்சுக்கு அதுவே போதும். ஐயா ஏற்கமாட்டார் என்று தெரியும்.

ஆரையம்பதி, புதன் பகல்

கல்முனைக் காக்கா (முஸ்லிம் அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) எழுதியதை வாசித்ததும் எனக்கு ஒரு சொல் வந்தது. நாங்கள் ‘திரும்பு’ என்பதைக் ‘கிறுகு’ என்கிறோம். ‘சந்தியில் இடக்கைப் பக்கம் கிறுகு.’ உருகு, உருக்கு, முறுகு, முறுக்கு, பெருகு, பெருக்கு. அதே வழியில் கிறுகு தன்வினை, கிறுக்கு பிறவினை. சுற்றைப் போக வேண்டிய வழியில் போகவிடாமல் கிறுக்குகிறோம். தாளில் கிறுக்குவதும் அதில் இருக்கிறது, கொஞ்சம் பைத்தியமும் இருக்கிறது. மூன்றும் இந்த இசைக்குப் பொருந்தும். ‘சுற்றுக்கிறுக்கு.’ மட்டக்களப்பு மண்ணின் சொல். தங்கச்சியிடமும் அவளுடைய கூட்டாளிகளிடமும் சொல்லிப் பார்த்தேன், அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் வேறு பெயர் சொல்வதில்லை.

காரைதீவு, புதன் பின்னேரம்

தன்வினை பிறவினைப் பாகுபாடு சரி. வட்டார வழக்கைக் கலைச்சொல்லாக்குவதிலும் எனக்குத் தடை இல்லை. ஆனால் பிறவினையாக்கியதும் ‘திரும்பு’ என்ற பொருள் ஒருவர் காதிலும் ஏறாது. பைத்தியம் மட்டும்தான் மிஞ்சும்.

அக்கரைப்பற்று, புதன் இரவு

நான் இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் மூத்தவருக்கு நீண்ட காலமாக மனநோய். ரோட்டில் போனால் சின்னப் பிள்ளைகள் ‘கிறுக்கன்’ என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் வரும். மட்டக்களப்பில் விசர் என்பீர்கள், அதனால் கிறுக்கு உங்களுக்கு மென்மையாகப் படுகிறது. எங்களுக்குக் கிறுக்கு என்பதே அந்தச் சொல். ஒரு தாய் தாளை மடித்து வைத்தார் என்பதற்காக ஒரு சொல்லை விட்டீர்கள். என்னையும் அப்படி ஒருத்தியாக நினைத்துப் பாருங்கள்.

கல்லடி, வியாழன் காலை

உங்கள் கடிதத்துக்கு நன்றி அக்கா. இரவு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கிறுக்கு கைநூலில் வராது.

காக்காவின் கடிதத்தில் ‘மாறுந்தடையியைத் திருகினால்’ என்று ஒரு வரி இருந்தது. திருகுதல் முறுக்குவதும்தான், திசை மாற்றுவதும்தான். பிள்ளைகள் கையால் செய்வதும் அதுதான். ‘சுற்றுத்திருகல்’ என்று போடலாமா? பத்து மணிக்குள் சொல்லுங்கள். இரைச்சல் இசையை நான் மாற்றப் போவதில்லை ஐயா. 1913இலேயே இத்தாலிய ஓவியர் லூய்ஜி ருசோலோ, இயந்திர உலகத்தின் இரைச்சலை இசைக்குள் எடுக்க வேண்டும் என்று வாதாடினார். இரைச்சல் என்று தெரிந்துகொண்டே அதை இசையாகக் கேட்பதுதான் பயிற்சி. அந்தச் சொல் உறுத்துவதாகவே இருக்கட்டும்.

ஆரையம்பதி, வியாழன் காலை

திருகல் எனக்குச் சம்மதம். அக்காவிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். ஆனால் சொல்லில் உயிர் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்னை, வியாழன் காலை

திருகலுக்கு என் ஆதரவு.

கல்முனை, வியாழன் காலை

சரி, போடுங்கள். அச்சகம் பூட்டிவிடும்.

கல்லடி, ஞாயிறு இரவு

கைநூல் ‘சுற்றுத்திருகல்’ என்றே அச்சாகி வந்தது. 14 பேரில் 13 பேர் வந்தார்கள். போன முறை பலகையை உடைத்த பையன், தகரப் பேணிக்குள் ஸ்பீக்கரை இறக்கி, ஒளியுணர் தடையிக்கு மேல் உள்ளங்கையை மூடித் திறந்து, சேவலைக் கூத்துத் தாளத்துக்குக் கூவ வைத்தான். பக்கத்தில் இருந்த பிள்ளை தன் பியானோவின் முதுகில் மார்க்கரால் ‘கிறுக்கி’ என்று எழுதியிருந்தாள். அந்தப் பெயர் எங்கிருந்து அவளிடம் போனதென்று எனக்குத் தெரியும் தம்பி. நான் அழிக்கச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன். மடித்த தாளோடு போன தாயிடமும் புதிய கைநூலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கரைப்பற்று, திங்கள் காலை

சொல்லியிருக்க வேண்டும் டீச்சர்.

காரைதீவு, திங்கள் இரவு

கல்முனைத் தம்பிக்கு. பேரப்பிள்ளையின் பழைய ரயில் ஒன்றைச் சுற்றுக்கோட்டம் செய்து பார்க்கலாம் என்று திறந்தேன். நீங்கள் சொன்ன கறுப்புக் குமிழ் இருக்கிறது. பக்கத்தில் தடையி எதுவும் இல்லை. எங்கே தொடுவது?

கல்முனை, திங்கள் இரவு

ஐயா, அது வேகத்தைத் தீர்மானிக்கும் பகுதி சிப்புக்கு உள்ளேயே இருக்கும் வகை. வெளியில் தொட ஒன்றும் இல்லை. பற்றரியிலிருந்து வரும் சிவப்பு வயரை வெட்டி, நடுவில் ஒரு மாறுந்தடையி போட்டு, வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். ரயில் இழுத்து இழுத்து அழும். சோல்டர் பண்ண வேண்டாம், முறுக்கி ஒட்டினால் போதும். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், வேண்டுமென்றால் அப்போது ஷோட் கொடுத்துப் பார்ப்போம்.