1,10,000 கி.மீ. ஓடிய 5 சீரிஸ்: கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடலாமா?

பீளமேட்டுக்காரன்:
செகண்ட் ஹேண்டில் 2013 மாடல் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் வாங்கியிருக்கிறேன். டீசல், 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். எஞ்சின் ஆயில் மாற்றியதற்கெல்லாம் பில் இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயிலுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. விசாரித்தால் "அது லைஃப்டைம் ஆயிலுங்க, மாத்தவே வேண்டாம்" என்கிறார்கள். கியர் மாறுவதில் இப்போதைக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் அடிக்கடி குன்னூர் ஏறி இறங்கும் வண்டி. மாற்றட்டுமா, விட்டுவிடட்டுமா?

ஈரோட்டு டீசல்:
தொடாதீங்க தம்பி. நல்லா ஓடுற கியர்பாக்ஸைத் திறந்து வம்பை எதுக்கு விலைக்கு வாங்கணும்? எனக்குத் தெரிந்த ஒருத்தர் இப்படித்தான் புது ஆயில் ஊற்றினார், கொஞ்ச நாளிலேயே கியர் வழுக்க ஆரம்பித்துவிட்டது. பழைய ஆயிலில் கிளட்ச் தேய்ந்த தூள் கலந்திருக்கும். அந்தப் பிடிப்பில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்குப் புது ஆயில் போட்டால் என்ன ஆகும்? வண்டி செய்த கம்பெனியே வேண்டாம் என்கிறபோது நமக்கு என்ன அவசரம்?

காரமடை ஸ்பேனர்:
அண்ணா, வண்டிதான் பிஎம்டபிள்யூ. கியர்பாக்ஸ் செய்தது இசட்எஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பெனி. 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், இல்லாவிட்டால் 8 வருஷத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்வது அவர்களே. ஓட்டுகிற விதத்தைப் பொறுத்து அது முன்னே பின்னே ஆகும். பெட்டியைச் செய்தவன் பேச்சைக் கேட்பதா, வண்டியில் மாட்டினவன் பேச்சைக் கேட்பதா? மலை ஏறும் வண்டியில் ஆயில் சூடாகிக்கொண்டே இருக்கும், சூட்டில்தான் ஆயில் கெடும். இந்தத் தம்பியின் வண்டி கி.மீ. கணக்கிலும் வந்துவிட்டது, வருஷக் கணக்கில் எப்போதோ தாண்டிவிட்டது.

நீங்கள் சொல்லும் வழுக்கல் கதை எனக்கும் தெரியும். முக்கால்வாசிப் பேர் கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்ற ஓடி வருகிறார்கள். தேய்ந்த கிளட்சுக்கு ஆயில் என்ன செய்யும்? பழி மட்டும் ஆயில் மேல் விழும்.

ஈரோட்டு டீசல்:
அந்த வண்டியில் முன்னாடி குறை எதுவும் இல்லைங்க. நான் ஓட்டியும் பார்த்திருக்கிறேன்.

பொள்ளாச்சி ரோடு:
அப்படியென்றால் அளவு தப்பாக ஊற்றியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். இந்த கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கே கிடையாது. வண்டி லிஃப்டில் மட்டமாக நிற்கணும், எஞ்சின் ஓடணும், பிரேக்கை மிதித்து ரிவர்ஸ், டிரைவ் எல்லாம் போட்டு எடுக்கணும். ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைத் திறந்து, வழியும் வரை ஊற்றி மூடணும். சூட்டை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும், கையை வைத்துப் பார்த்துச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் அவிநாசி ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து வந்த வண்டியை உடனே லிஃப்டில் ஏற்றினால் ஆயில் 80 டிகிரிக்கு மேல் இருக்கும், விரிந்து நிற்கும். பிளக்கைத் திறந்ததும் நிறைய வழியும், ‘ஃபுல்’ என்று மூடிவிடுவார்கள். ஆறிய பிறகு அளவு குறைந்து பம்ப் காற்றை இழுக்கும், கியர் வழுக்கும். அதிகமானாலும் ஆயில் நுரைத்துப் போகும். ராத்திரியே வண்டியை விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆயிலை இறக்கும் ட்ரெய்ன் பிளக்கில் கை வைக்கும் முன் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்க்கணும். இறக்கின பிறகு அது இறுகிக்கொண்டால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

காரமடை ஸ்பேனர்:
சரியாகச் சொன்னீங்க. அப்புறம் இதில் ஃபில்டர் தனியாக வராது. அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் சம்ப்போடு சேர்ந்தே இருக்கும், முழுதாகத்தான் மாற்றணும். ஆயில் மட்டும் மாற்றி ஃபில்டரை விட்டால் பாதி வேலைதான். 8எச்பி என்ற இந்தப் பெட்டிக்கு லைஃப்கார்ட் 8 என்ற ஆயில்தான். பழைய 6 ஸ்பீடுக்கு வருவது வேறு, "எல்லாம் ஏடிஎஃப்தானுங்க (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்)" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கோத்தகிரி இறக்கம்:
கியர்பாக்ஸுக்கு இத்தனை பேச்சு, பிரேக் ஆயிலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே! அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கணும். ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 155க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் வாங்கிய வாரமே. கியர்பாக்ஸ் கெட்டால் பணம்தான் போகும்.

பீளமேட்டுக்காரன்:
அது ஞாபகத்திலேயே இல்லைங்க, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். கூலண்ட் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது, அதை ஊற்றலாமா?

பொள்ளாச்சி ரோடு:
சிறுவாணியைக் காபிக்கு வையுங்கள். ரேடியேட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டரும் சரியான கூலண்ட்டும்தான். போர் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், உப்பு படிந்துவிடும். வாங்கும்போது நிறத்தை நம்பாமல் டப்பாவில் உள்ள அப்ரூவல் நம்பரைப் பாருங்கள். குறைந்தது எங்கே போனது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டு டீசல்:
நீங்க எல்லாரும் பேசியே அவரை ஆயில் மாற்ற வைத்துவிட்டீர்கள். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றியே தீருவேன் என்றால், மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் பண்ண மட்டும் விடாதீங்க தம்பி. இறக்கி ஊற்றினால் போதும்.

காரமடை ஸ்பேனர்:
அதில் நானும் அண்ணன் பக்கம்தான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும், தங்கட்டும். ரொம்பக் கறுத்திருந்தால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை இறக்கி ஊற்றலாம்.

ஈரோட்டு டீசல்:
சம்ப்பைக் கழற்றினதும் உள்ளே இருக்கும் காந்தத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்க. சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இருந்தால் பயமில்லை, அது சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக இரும்பு இருந்தால், புது ஆயில் டின்னைத் திறக்கும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.