புதுப்பிப்பு: அந்த இணையவழி வரலாற்றுப் பாடத்தை முடித்துவிட்டேன்

இணையவழி வரலாற்றுப் பாடத்தை பாதியில் விட்டுவிடலாமா என்று மூன்றாவது வாரத்தில் கேட்டிருந்தேன். காணொளிகள் குவிந்து கிடந்தன, கலந்துரையாடலில் யாரும் பதில் போடவில்லை. விடவில்லை, போன வாரம் முடித்துவிட்டேன்.

என்னை விடாமல் பிடித்து வைத்தது மூல ஆவணப் பயிற்சிதான். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் நாட்குறிப்பில் 1789 ஜூலை 14 அன்று ஒரே சொல்: 'ஒன்றுமில்லை'. பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறைக்கோட்டையைக் கைப்பற்றிய நாள் அது, பிரெஞ்சுப் புரட்சியின் பெரிய திருப்பம்! மன்னருக்கு நாட்டு நடப்பே தெரியவில்லை என்று விறுவிறுவென எழுதி அனுப்பினேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் போட்டிருந்தார்: "இது எதற்கான குறிப்பேடு?" அப்புறம்தான் தேடினேன். பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. அன்று வேட்டையில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். கட்டுரையை முதலிலிருந்து திருத்தி எழுதினேன். அந்த இரவை மறக்கவே மாட்டேன்.

கலந்துரையாடல் கடைசிவரை மந்தம்தான். நாங்கள் நாலு பேர் தனியாகக் குழு அமைத்து ஞாயிறுதோறும் பேசிக்கொண்டோம். காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டச் சொன்னவர்களுக்கு: எனக்கு அது சரிப்படவில்லை. நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தபோதுதான் மனதில் நின்றது.

அடுத்த பருவத்துக்கும் பதிவு செய்துவிட்டேன்.