இரவு மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் நிற்கிறது, பேட்டரியிலோ சார்ஜ் இருக்கிறது

வேன்வாசி:
பழைய டெலிவரி வேன் ஒன்றை வீடாக்கி நான்கு மாதமாக அதிலேயே இருக்கிறேன். கூரையில் 100 வாட் சோலார் பேனல் இரண்டு, அவற்றிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் ஒன்று, 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. இதில் ஓடுவது 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், நான்கு எல்.இ.டி. விளக்குகள், ஒரு கைபேசி. வேறு எதுவும் இல்லை.

பகலெல்லாம் ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறது. இரவு இரண்டு, மூன்று மணிவாக்கில் நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கு ஒருமுறை மினுக்கி, சில விநாடி ஓய்ந்து, மறுபடி ஒருமுறை மினுக்குகிறது. மின்னழுத்தம் குறைவு என்று அதற்குப் பொருள் சொல்கிறது கையேடு. எழுந்து போய்க் கன்ட்ரோலரைப் பார்த்தால் 12.3 வோல்ட். பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? விற்றவர் லித்தியம் பேட்டரிக்கு மாறச் சொல்கிறார். மாறிவிடலாமா?

கூரைமேல்:
பேனல் போதாது. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர், நாளில் நாற்பது சதவீத நேரம் ஓடுகிறது என்றால் ஒரு நாளைக்கு 38 ஆம்பியர்-மணி. கூரையில் படுக்க வைத்த 200 வாட்டில் நல்ல வெயில் நாளில் நாற்பதுக்குச் சற்று மேலே கிடைக்கலாம். இரண்டு நாள் மேகம் மூடினால் கதை முடிந்தது. இன்னும் ஒரு பேனல் போடுங்கள்.

மலைப்பாதை:
லெட் ஆசிட்டில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் எண்பது சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், மின்னழுத்தமும் கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். நான் மாறி இரண்டு வருடம் ஆகிறது, திரும்பிப் பார்க்கவில்லை.

படகுவீடு:
வேன்வாசி, பணப்பையை மூடி வையுங்கள். மல்டிமீட்டரை எடுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. பேட்டரி 12.3 என்கிறது, ஃப்ரிட்ஜ் ‘எனக்கு வோல்ட் போதவில்லை’ என்கிறது. இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. நடுவில் இருக்கும் வயர்தான் தின்கிறது.

பகலில் ஏன் ஓடுகிறது என்று கேட்பீர்கள். பகலில் பேனல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருப்பதால் பேட்டரி முனையில் பதின்மூன்றரை, பதினான்கு வோல்ட் இருக்கும். வழியில் ஒன்றரை வோல்ட் தொலைந்தாலும் ஃப்ரிட்ஜுக்கு மிச்சம் உண்டு. சூரியன் போனதும் அந்தத் தயவு போய்விடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். இரவில், கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முதலில் பேட்டரி முனையில் அளவெடுங்கள், உடனே ஃப்ரிட்ஜ் பக்கம் அளவெடுங்கள். ஃப்ரிட்ஜ் நின்ற பிறகு அளந்தால் பயனில்லை. மின்சாரம் ஓடாத வயரில் இழப்பும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் காட்டிவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு விநாடியையும் பாருங்கள். ஓடுவதைவிடக் கிளம்புவதற்கு அதிகம் இழுக்கும்.

வயர் எத்தனை தடிமன், எத்தனை மீட்டர், ஃப்ரிட்ஜை எந்த வகை பிளக்கில் மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று ஓர் ஊகம் இருக்கிறது.

மலைப்பாதை கோபித்துக்கொள்ள வேண்டாம். லித்தியம் போட்டால் இவருடைய ஃப்ரிட்ஜ் ஓடும்தான். 13 வோல்ட்டிலிருந்து கிளம்பினால் இழப்பு போக மிச்சம் போதும். எனக்கு அதுதான் கவலை. குறை அப்படியே இருக்கும், தெரியாமல் இருக்கும். தவிர, லித்தியத்தை வண்டி ஆல்டர்னேட்டரோடு (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) நேரடியாக இணைத்தால் அது கேட்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் கொதித்துப்போகும், இடையில் கரண்டை அளவோடு விடும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. அது தனிச் செலவு, தனிப் பாடம்.

பதினோரு வருடமாகப் படகில் இருக்கிறேன். இதே நோய்க்கு நான் இரண்டு பேட்டரி வாங்கிப் போட்டவன். கடைசியில் ஒரு லக்கின் (வயர் நுனியில் அழுத்தி மாட்டும் உலோக முனை) உறையை உரித்தபோது உள்ளே செம்பே இல்லை, பச்சைப் பொடி கொட்டியது.

வேன்வாசி:
ஐயா, நேற்றிரவு விழித்திருந்து அளந்தேன். பேட்டரி முனையில் 12.3. அதே நேரம் ஃப்ரிட்ஜ் பக்கம் 11.0. கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு கணம் 10.3 வரை இறங்கியது. கையேட்டில் 10.4-இல் துண்டிக்கும் என்று போட்டிருக்கிறது!

வயர் 1.5 சதுர மி.மீ., பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை 7 மீட்டர். மாட்டியிருப்பது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில். நீங்கள் சொன்ன பிறகுதான் தொட்டுப் பார்த்தேன். பிளக் வெதுவெதுப்பாக இருக்கிறது.

படகுவீடு:
ஊகித்தேன். சிகரெட் பற்றவைக்கச் செய்த துளையில் நாளெல்லாம் ஃப்ரிட்ஜ் ஓட்டுகிறோம். நுனியில் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு தகடு, இவ்வளவுதான் பிடிப்பு. வண்டி குலுங்கக் குலுங்கத் தளரும்.

கணக்கைப் பாருங்கள். போக 7, வர 7, ஆக 14 மீட்டர் செம்பு. பலர் வரும் வழியை மறந்துவிடுவார்கள். 14-ஐச் செம்பின் மின்தடை எண்ணான 0.0175-ஆல் பெருக்கி, வயரின் குறுக்குப் பரப்பான 1.5-ஆல் வகுத்தால் 0.163 ஓம். 4 ஆம்பியரில் 0.65 வோல்ட் வயரிலேயே போகிறது. நீங்கள் இழப்பது மொத்தம் 1.3. மீதிப் பாதி அந்தப் பிளக்கில்தான். 0.65 வோல்ட், 4 ஆம்பியர், இரண்டரை வாட்டுக்கு மேல் சூடு. உங்கள் விரல் அளந்தது அதைத்தான்.

6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.16 வோல்ட்டாகச் சுருங்கும். சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, திருகி இறுக்கும் இணைப்பாக மாற்றுங்கள். ஒவ்வொரு லக்கையும் அதற்குரிய கருவியால் அழுத்துங்கள், சாதாரண இடுக்கி வேண்டாம். அழுத்தியதும் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

கூரைமேல் சொன்ன கணக்கும் தப்பில்லை, மேகமூட்டத்தில் உங்களுக்கு இழுபறிதான். ஆனால் அதை வயர் மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேன்வாசி:
மாற்றிவிட்டேன். பழைய பிளக்கைத் திறந்தபோது ஸ்பிரிங்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. நான்கு இரவாக ஃப்ரிட்ஜ் நிற்கவில்லை. நேற்று அதிகாலை நான்கு மணிக்கு, கம்ப்ரசர் ஓடும்போது, பேட்டரியில் 12.2, ஃப்ரிட்ஜில் 12.0. புதிதாக 15 ஆம்பியர் ஃப்யூஸும் போட்டேன். நன்றி ஐயா.

படகுவீடு:
மகிழ்ச்சி. ஃப்யூஸை எந்தப் பக்கம் வைத்தீர்கள்?

வேன்வாசி:
ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில். எரிந்தால் கைக்கு எட்ட வேண்டும் என்று.

படகுவீடு:
தூங்கப் போகும் முன் மாற்றிவிடுங்கள். ஃப்யூஸ் காப்பது வயரை. இப்போது பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் 7 மீட்டர் காவலில்லாமல் கிடக்கிறது. வழியில் ஒரு தகட்டு விளிம்பு அதன் உறையை அறுத்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. நீங்களோ அந்த வயருக்கு மேலேதான் படுத்திருக்கிறீர்கள்.

வேன்வாசி:
மாற்றியாயிற்று. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரம். வயர் தகட்டுத் துளைக்குள் நுழையும் இரண்டு இடத்திலும் ரப்பர் வளையம் போட்டேன். ஒன்றில் உறை ஏற்கெனவே லேசாகக் கீறியிருந்தது.